மைசூர் வாசலில் அவிழ்த்த தலைப்பாகை

மரியாதை தெரியாதவன் சொந்த ஊரில்தான் அவமானப்படுவான். மரியாதை மட்டுமே தெரிந்தவனுக்கு ஊர் ஊராகப் போய் அவமானப்படும் யோகம் உண்டு. இதில் நான் இரண்டாவது ரகம்.

யுத்த காலம் அது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானும் சின்னராசுவும் மாதப்பனும் புது வாத்தியார்கள். கோடை விடுமுறையில் மைசூர் பார்த்து வரலாம் என்று கிளம்பினோம். ஊர் பார்ப்பது அவர்கள் இருவருக்கும்தான். எனக்கு அங்கே பரீட்சை.

எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தாய்மாமன் மைசூர் அரண்மனைத் தோட்டத்தில் மேஸ்திரி. அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பெண் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தரம், தண்ணீர்க் குடத்தோடு போகும்போது பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வேறு பெண்ணைப் பார்க்கச் சொன்னால் சாமியாராகப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். (வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் முடிவு தயாராக இருந்தது.)

கிளம்பும்போது அப்பா சொன்னது ஒன்றுதான். "மரியாதையா நடந்துக்கடா. அதப் பாத்துதான் பொண்ணு."

பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடிய நாட்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பெங்களூரில் ரயில் ஏறும்போது நாங்கள் மூவரும் சூளையில் வேலை செய்தவர்கள்போல் இருந்தோம். மைசூரில் குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டோம். எனக்குக் கட்ட வராது. சின்னராசுதான் கட்டிவிட்டான்.

மாமா எங்களைப் பார்த்ததும், "மூனு பேரும் தலப்பாவோட வந்தது நல்லதாப் போச்சுங்க தம்பி" என்றார். பாதிப் பெண் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அரண்மனைக்குள் தர்பார் மண்டபம் பார்க்க அவர் சொல்லிவைத்திருந்தார். "முன்ன போங்க, தோட்டத்து ஆளுங்களுக்கு வேலை சொல்லிட்டு வர்றேன்" என்று அனுப்பினார்.

வாசலில் ஒருவர் நின்றார். சிவப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, காதுவரை மீசை. குறைந்தபட்சம் திவானாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எங்கள் பக்கம் ஜமாபந்திக்குத் தாசில்தார் வந்தாலே தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் எதிரே நிற்போம். என்னைக் கேட்காமலே என் கை தலைக்குப் போனது. தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக் கைகட்டி நின்றேன்.

"பேட்டா கட்டப்பா" என்றார் அவர்.

மாதப்பன் வீட்டில் கன்னடம் பேசுகிறவன். "தலப்பாவக் கட்டச் சொல்றாருடா" என்றான்.

அது எனக்கும் புரிந்தது. ஆனால் தாசில்தார்கூட 'பரவால்ல, கட்டிக்கப்பா' என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார். அதை நம்பி உடனே கட்டிக்கொள்கிறவனைத்தான் ஊரே திட்டும். "இருக்கட்டுங்க ஐயா, உங்க முன்னாடி கட்டுவனுங்களா?" என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

இரண்டாம் தரம் குரல் உயர்ந்தது. இத்தனை பெரியவர் மறுபடியும் உபசாரம் செய்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. தோளில் கிடந்த துண்டையும் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டேன். "கட்டித் தொலைடா" என்று சின்னராசு பல்லைக் கடித்தான். பின்னால் உள்ளே போக வந்தவர்கள் நின்று முணுமுணுத்தார்கள்.

அவர் படி இறங்கி வந்தார். என் இடுப்பிலிருந்த தலைப்பாகையை உருவி என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி இடுப்பிலேயே கட்டினேன்.

அதற்கப்புறம் அவர் பேசிய கன்னடத்தை மாதப்பன் மொழிபெயர்க்கவில்லை.

சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தார். "தம்பி, அவரு வாசல்காரருங்க. வெறுந்தலையோட ஆள உள்ள வுட்டா அவரு வேல போயிருமுங்க."

பெண் கை நழுவிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. அவசரமாகத் தலையில் சுற்றினேன். கஞ்சி போட்ட புதுத் துணி. ஒரு பக்கம் சுற்றினால் மறு பக்கம் அவிழ்ந்தது, கடைசியில் மூக்கையும் மூடிக்கொண்டது. மாமா பெருமூச்சு விட்டார். வாசல் நடுவிலேயே என்னை நிறுத்தி, அத்தனை பேர் பார்க்க அவரே சுற்றிக் கட்டிவிட்டார். கட்டி முடிக்கவும் நேரமாகிவிட்டதென்று கதவைச் சாத்தவும் சரியாக இருந்தது.

திரும்பி நடந்தோம். சின்னராசுதான் மெல்ல ஆரம்பித்தான். "ஏங்க மாமா, நம்ம பக்கம் கல்யாணத்துலதான பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளைக்குத் தலப்பா கட்டுவாங்க?"

மாமா நின்றார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அங்கிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாசல்காரருக்கே இந்த மரியாத குடுக்கறவரு எங்க புள்ளைய நல்லா வெச்சிக்குவாரு. வாங்க மாப்ள, காப்பி சாப்புடலாம்."

அந்த 'மாப்ள' காதில் விழுந்தபோது, அவர் முன்னால் தலைப்பாகையை மறுபடி அவிழ்க்கக் கை போனது. மாதப்பன் பிடித்துக்கொண்டான்.

நண்பர்கள் இருவரும் தர்பார் மண்டபம் பார்க்காமல் போன கோபத்தைச் சாகும்வரை விடவில்லை. மாமா என் கல்யாணத்தன்று தலைப்பாகை கட்டிவிட்டு முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

என் மனைவி இன்றுவரை எதையும் என்னிடம் ஒரு தரத்துக்கு மேல் சொல்வதில்லை. "இன்னொரு களி வெக்கட்டுங்களா?" என்பாள். பழக்கதோஷத்தில், "இருக்கட்டும்" என்பேன். உடனே சட்டியை மூடிவிடுவாள்.

"மூனு தரம் கேக்க நான் என்ன அரமன வாசல்காரனா?"