மீன்கொத்திக்காகக் கட்டிய புற்று

பறவைகளைப் படம் பிடிப்பவன் என்று ஒருவன் தன்னைச் சொல்லிக்கொண்டால், அவன் வீட்டில் ஏராளமான மரக்கிளைப் படங்கள் இருக்கின்றன என்று புரிந்துகொள்ள வேண்டும். பறவை அப்போதுதான் எழுந்து போன கிளைகள். என் முதல் வருடத்துப் படங்களில் ஒரே ஓர் உயிர்தான் தெளிவாக விழுந்திருந்தது. அது ஒரு வண்டு. அது செத்துப்போன வண்டு என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்த வழி நீளமானது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது (நான் விட்டேனா, வாத்தியார் விட்டாரா என்பது இன்னும் தீரவில்லை). கப்பலேறி வந்து கிள்ளானில் மூட்டை தூக்கினேன், ரயில் பாதையில் சல்லி கொட்டினேன், ஈயச் சுரங்கத்தில் மண் வாரினேன், நடுவில் மலேரியாவில் படுத்து எழுந்தேன். எந்த இடத்திலும் கால் தரிக்காமல் தெற்கே தெற்கே என்று நகர்ந்து ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு மேல் தண்ணீராக இருந்ததால் நின்றேன். அங்கே ஜப்பானியர் ஒருவரின் படக்கடையில் படம் விழுகிற கண்ணாடித் தட்டுகளைக் கழுவும் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் அவர் கடையை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, தோல் மடிப்பில் ஓட்டை விழுந்த ஒரு பழைய கேமராவையும், விற்காமல் கிடந்த தட்டுகளையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்கூடாய்க்கும் செனாய்க்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போய்ச் சேர்ந்தேன். கேமராவின் ஓட்டையை ரப்பர்ப் பால் தடவி அடைத்தேன். ரப்பர் விலை விழுந்து பலரை ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சாப்பாடு அரை வயிறுதான். ஆனால் வேலையும் பாதியாகிவிட்டதால் மத்தியான நேரம் தாராளமாகக் கிடைத்தது. தும்பி, வெட்டுக்கிளி, பட்டாம்பூச்சி, மரங்கொத்தி என்று எதைக் கண்டாலும் பின்னால் ஓடினேன். எல்லாம் என்னைவிட வேகமாக ஓடின.

அந்தத் தோட்டத்தில் என் கேமராவுக்கு முன்னால் அசையாமல் நின்ற ஒரே மனுஷி பாக்கியம்தான். ஒருநாள் பால் வாளியோடு வந்துகொண்டிருந்தவளின் தலைத்துணியில் ஒரு கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தது.

"அசையாதீங்க," என்றேன்.

"பூச்சியத்தான எடுக்கறீங்க? என்னைய இல்லல்ல?"

"பூச்சியத்தான்."

"அப்ப சரி."

தட்டைக் கழுவிப் பார்த்தபோது பூச்சி கலங்கலாகவும் அவளுடைய காது மிகத் தெளிவாகவும் விழுந்திருந்தது. அந்தக் காதைப் பார்த்துத்தான் பெண் கேட்கப் போனேன்.

அவளுக்கு அம்மா மட்டும்தான். பெயர் அங்கம்மா. அந்தத் தோட்டத்துக் கங்காணியே அவளோடு பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவள் என்னை வாசலில் நிறுத்தியே விசாரித்தாள்.

"எத்தன வருசமா இந்தத் தோட்டத்துல இருக்க?"

"வருசமெல்லாம் ஆகலம்மா."

"அதுக்கு முன்னாடி?"

சொன்னேன். கிள்ளான், ரயில், ஈயம் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் முகமும் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது.

"காலு ஒரு எடத்துல நிக்காது. வேலை இல்லாத நேரத்துல குருவி பின்னாடி ஓடுற. செனாய்ல லாரி ஓட்டுற பையன் ஒருத்தன் கேட்டுருக்கான், தெரியுமா? சொந்த சைக்கிள் வச்சிருக்கான். ஒரு பல்லு தங்கம்."

என்னிடம் காட்டுவதற்கு அந்த மாதிரிப் பல் எதுவும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"எனக்கும் ஒண்ணும் புரியல," என்றாள் கடைசியில். "வெள்ளிக்கிழம அம்மன் புத்துல கேட்டுட்டுச் சொல்றேன். லாரியா, குருவியான்னு அவளே சொல்லட்டும்."

தோட்டத்துக் கோவிலுக்குப் பின்னால் ஒரு பழைய புற்று உண்டு. அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தோட்டத்து எல்லையில் ஓடிய பெரிய வடிகாலின் கரையில் ஒரு மீன்கொத்தி பொந்து குடைந்து குஞ்சு பொரித்திருந்தது. வெள்ளை மார்பு, சிவந்த அலகு, முதுகில் ஒரு நீலம். (என் தட்டில் எல்லா நிறமும் சாம்பல்தான். ஆசைக்கு அதெல்லாம் தெரிகிறதா?) ஆள் வாடை பட்டால் பக்கத்தில் வராது. அதனால் மறைந்து உட்கார ஒரு கூடு வேண்டும் என்று தென்னை ஓலையில் கட்டினேன். ஆடுகள் தின்றுவிட்டன. அடுத்த தடவை யோசித்தேன். மீன்கொத்தி எதைப் பார்த்துப் பயப்படாது? ஆடு எதைத் தின்னாது? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. கறையான் புற்று.

பிரம்பை வளைத்துக் கூண்டு கட்டி, மேலே கோணிச் சாக்கைப் போர்த்தி, செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசினேன். உச்சியில் கூம்பு, பக்கங்களில் மடிப்பு, கேமராவின் கண்ணாடி வெளியே பார்க்க ஒரு பாம்புப் பொந்து. அவ்வளவு அழகான புற்றைக் கறையான்களால்கூடக் கட்டியிருக்க முடியாது. ஒரே இராத்திரியில் கொண்டுபோய் வடிகால் கரையில் வைத்து, பறவை பழகட்டும் என்று சில நாள் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒருநாள் போய்ப் பார்த்தபோது புற்றின் மேல் மஞ்சள் பூசியிருந்தது. குங்குமப் பொட்டும் இருந்தது. நானும் தமிழன்தான். ஒரே இராத்திரியில் முளைத்த புற்றுக்கு மஞ்சள் பூசினால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மஞ்சள் வைத்த பிறகு புற்று இன்னும் நிஜமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அங்கம்மாவின் பதிலை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மனசை வேறு எங்காவது வைக்கலாம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் புற்றுக்குள் உட்கார்ந்தேன். உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. எறும்புகள் எனக்கு முன்பே குடிவந்திருந்தன. ஆனாலும் மீன்கொத்தியின் பொந்துக்கு எதிரே நான் நட்டு வைத்திருந்த குச்சி கண்ணாடிக்கு நேராக இருந்தது. வாயில் மீனோடு அந்தப் பறவை ஒரு நிமிஷம் அதில் உட்கார்ந்தால் போதும். ரப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு (அதை அமுக்கினால் படம் விழும்) மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

மீன்கொத்தி வந்தது. தூரத்துக் கிளையில் உட்கார்ந்து என் குச்சியையே பார்த்தது. அதே நேரத்தில் பின்னாலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"கோவில் புத்தவிட இதுக்குத்தான்க்கா சக்தி. கேட்ட ஒடனே சொல்லுதாம்." இது பக்கத்து லயத்து வள்ளி.

"சொல்லட்டும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் போக மாட்டேன்." இது அங்கம்மா.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் எழுந்தால் மீன்கொத்தி போய்விடும். மூளையில் அப்போது மீன்கொத்திதான் இருந்தது. அசையாமல் இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

முதலில் பால் வந்தது. கோணி வழியாகக் கசிந்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு என் பிடரியில் இறங்கி முதுகெலும்பு வழியாகப் பயணப்பட்டது. அடுத்து சாம்பிராணிப் புகை. அப்புறம், அவர்களோடு வந்திருந்த பாக்கியத்தின் கை, புற்றின் பொந்துக்குள் ஒரு முட்டையை வைத்தது. சரியாகக் கண்ணாடிக்கு முன்னால். உலகம் வெள்ளையாகிவிட்டது.

"ஆத்தா," என்று அங்கம்மா ஆரம்பித்தாள், "எம் பொண்ண அந்தப் படப்பெட்டிக்காரனுக்குக் குடுக்கலாமா? பய கெட்டவன் இல்ல. ஆனா ஓடிருவானோன்னு பயமா இருக்கு. நல்லதுன்னா நல்ல சகுனம் குடு. இல்லன்னா லாரிக்காரனுக்குச் சொல்லி அனுப்பிருவேன்."

"சீக்கிரம் சரின்னு சொல்லு ஆத்தா," என்றது பாக்கியத்தின் குரல், "எனக்குக் கால் வலிக்குது."

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு ஆனந்தம் பொங்கியது பாருங்கள், மீன்கொத்தியைக்கூட மறந்துபோனேன். அந்தச் சமயத்தில் வள்ளி ஒரு கைப்பிடி மஞ்சள் தூளை அள்ளிப் புற்றின் மேல் வீசினாள்.

தும்மல் என்பதை அடக்க முடியாது என்பவர்கள் முயற்சி செய்து பார்க்காதவர்கள். நான் முயற்சி செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: அடக்க முடியாது. மூக்கைப் பிடித்தேன், நாக்கைக் கடித்தேன், ரப்பர் பந்தை இறுக்கினேன். புற்று தும்மியது.

வெளியே சாம்பிராணிக் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் அந்தக் காரியம் அத்தோடு முடிந்தது. இரட்டைத் தும்மல் என்றால் சுபம். இது எங்கள் ஜனங்களில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"ஒத்தத் தும்மல்," என்றாள் அங்கம்மா. "போச்சு. ஆத்தாவே தும்மிட்டா. வா பாக்கியம், லாரிக்காரனுக்கே சொல்லிருவோம்."

இன்னொரு தும்மலுக்காக நான் பட்ட பாட்டை எந்தப் பிரசவ வேதனையோடும் ஒப்பிடலாம். வருகிற மாதிரி இருந்தது. மூக்கின் நுனி வரை வந்து நின்றது. அவர்களோ கிளம்பிவிட்டார்கள், காலடிச் சத்தம் கேட்கிறது. என் வாழ்க்கை செனாய்ப் பக்கம் நடந்து போகிறது. வேறு வழி தெரியாமல் உள்ளேயிருந்து கத்தினேன்:

"இருங்கம்மா, இன்னொண்ணு வருது."

வள்ளி போட்ட கூச்சல் பல மைல் தள்ளியிருக்கிற ஆயர் ஈத்தாம் வரை கேட்டிருக்கும். ஓடினவள் நேராக வடிகாலில் விழுந்தாள். அங்கம்மா ஓடவில்லை. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் தூக்கினாள்.

"ஏண்டி பாக்கியம், ஆத்தா ஆம்பளக் குரல்ல பேசுறாளே?"

"சளி புடிச்சிருக்கும்மா," என்றாள் பாக்கியம். "இவ்வளவு பால ஊத்துனா புடிக்காதா?"

அப்போதுதான் அது வந்தது. இரண்டாவது தும்மல். அதன் வேகத்தில், மரத்துப்போயிருந்த என் கால்கள் தாமாகவே நிமிர்ந்தன. பிரம்புக் கூண்டு தோளில் மாட்டிக்கொண்டது. மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு கறையான் புற்று, மயிர் அடர்ந்த இரண்டு கால்களோடு எழுந்து நின்றது. எறும்பு கடித்ததில் கொஞ்சம் ஆடவும் செய்தது. கண் தெரியாமல் நாலு அடி வைத்து, வள்ளி ஏறிக்கொண்டிருந்த அதே இடத்தில் வடிகாலுக்குள் இறங்கியது. அவள் திரும்பவும் விழுந்தாள்.

கூண்டை இழுத்துக் கழற்றியது அங்கம்மாதான். பாலும் சேறும் முட்டைக் கருவும் வழிய நான் நின்றேன். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். (பொந்துக்குள் கண்ணாடி மின்னியதை முட்டை வைக்கும்போதே பார்த்துவிட்டாளாம். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "நீங்க என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாம்னுதான்," என்றாள்.)

அங்கம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு தும்மலா?" என்றாள்.

"ரெண்டும்மா."

"நான் பக்கத்துல நின்னு கேட்டேன்க்கா," என்று வடிகாலிலிருந்து வள்ளி சாட்சி சொன்னாள். "ரெண்டுதான்."

அங்கம்மா சாமியிடம் கேட்டுவிட்டுப் பின்வாங்குகிற ரகம் இல்லை.

"நான் ஆத்தாகிட்டக் கேட்டேன். ஆத்தா எடத்துல ஒக்காந்துக்கிட்டு நீ பதில் சொல்லிட்ட. சாமி எடத்துல இருந்து சொன்ன வாக்க மாத்த முடியாது. நெனவுல வச்சுக்க. இனிமே ஒனக்குக் கிள்ளானும் இல்ல, ஈயமும் இல்ல. போய்க் குளி. மஞ்சளா இருக்க."

பல ஊர் மாறின கால் அத்தோடு நின்றது. தை மாதம் கல்யாணம். தோட்டத்தில் எனக்குப் புத்து மாப்பிள்ளை என்று பெயர்.

அன்றைக்குத் தும்மலை அடக்க ரப்பர் பந்தை இறுக்கினேன் அல்லவா, அதில் ஒரு படம் விழுந்திருந்தது. தட்டு முழுவதும் ஒரு பெரிய வெண்மை, நடுவில் உருண்டையாக ஏதோ ஒளி. முட்டைதான். நான் சொல்லிப் பார்த்தேன். அங்கம்மா கேட்கவில்லை. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, சாமி அலமாரியில் மாட்டிவிட்டாள். இருபது முப்பது வருடமாக எங்கள் வீட்டில் அதற்குத்தான் முதல் தீபாராதனை. மீன்கொத்தியைப் பிறகு எத்தனையோ தடவை பிடித்தேன். மீனோடும் மீன் இல்லாமலும், நல்ல தெளிவான படங்கள். அவற்றுக்கு யாரும் ஊதுபத்தி காட்டியதில்லை.

போன மாதம் எங்கள் கடைசிப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா தும்மினார். ஒரே ஒரு தும்மல். அவர் முகம் செத்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று மனைவியைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒருவரும் அசையவில்லை. மூலையில் படுத்திருந்த அங்கம்மா, காது சரியாகக் கேட்காதவள், இதை மட்டும் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"இருங்க," என்றாள், "இன்னொண்ணு வருது."

"இல்லீங்கம்மா, ஒண்ணுதான்," என்றார் அந்த மனிதர் பாவமாக.

பாக்கியம் எழுந்து, மஞ்சள் டப்பாவை எடுத்துவர அடுப்படிக்குப் போனாள்.