தாய்மாமன் மடியும் இருநூறு கிலோ வண்டியும்

க்ரூஸர் பைக் வைத்திருப்பவனிடம் மதுரையில் யாரும் பெயரைக் கேட்பதில்லை. சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் ஆட்டோக்காரர், பெட்ரோல் போடுகிறவர், துஷ்டி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "தம்பி, லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?" உண்மையைச் சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள். (இறந்தவரைக்கூட அவ்வளவு பரிதாபமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.)

நான் அதற்கெல்லாம் அசரவில்லை. காரணம், எனக்கு அந்த வண்டியின் மேல் இருந்தது ஆசை இல்லை, பக்தி. முதன்முதலில் ஷோரூமுக்குப் போனபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருந்த பெண், "சார், செருப்போடவே வரலாம்" என்றது. நான் வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பரவாயில்லைங்க" என்றேன். அடர்ந்த மாதுளை நிறம். படுத்திருக்கும் காளையைப் போல நீண்டு தாழ்ந்த உடம்பு. டேங்கில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே மரியாதை வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இப்படி முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. அச்சில் வந்த எதையும் அப்படியே நம்பிவிடுவான். வண்டியோடு கொடுத்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, இரவு சாப்பாட்டுக்குப் பின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, ஓட்டத் தெரியாமயா வாங்கிட்ட?" என்றார். பனி உறைந்த ரோட்டில் எப்படி ஓட்ட வேண்டும் என்றுகூட அதில் போட்டிருந்தது. கொட்டு மேளத்துக்குப் பின்னால் எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சமயநல்லூர் நான்குவழிச் சாலை ஓரத்து டீக்கடையில் எங்களைப் போன்ற க்ரூஸர்காரர்கள் கூடுவோம். பேச்செல்லாம் வண்டிதான். ஒருவர், "திண்டுக்கல் போய்ட்டு வந்தாலும் இடுப்பு வலிக்கலப்பா, சோபாவுல உக்காந்த மாதிரி" என்பார். இன்னொருவர், "சிம்மக்கல் டிராபிக்ல ஒருநாள் மாட்டிப் பாரு, முழங்கால்ல தோசை சுடலாம்" என்பார். பின்சீட்டில் உட்காருகிறவர் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் கல்யாணமானவர்கள் எல்லாரும் டீயைக் குனிந்து குடிப்பார்கள். எங்களில் மூத்தவர் ரபீக் அண்ணன், டயர்க் கடை வைத்திருப்பவர். அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, இது ஓடுற வண்டி. நடக்குற வண்டி இல்ல. நடக்க விட்டா கோவிச்சுக்கும்."

அச்சில் வராததால் நான் அதை நம்பவில்லை.

வண்டி வாங்கிய வருஷம் ஆவணியில் என் அக்கா செல்வியின் மகள் தர்ஷினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருவாதவூரில். கிணறும் டிராக்டரும் உள்ள வீடு. எங்கள் வீடு அப்படி இல்லை. நான் பள்ளிக்கூடம் போன வருஷங்களில் அக்கா களையெடுக்கப் போனது. கல்யாணத்தில் நாங்கள் செய்த சீர் பற்றி அக்காவின் மாமியார் பேச்சியம்மாள் அத்தை ஒருமுறை, "அவங்களால முடிஞ்சது அம்புட்டுத்தான்" என்றாராம். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்போம்.

காதுகுத்தில் எல்லாம் தாய்மாமன்தான். அவன் சீர் கொண்டுவர வேண்டும், அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அக்கா போனில் சொன்னது: "தம்பி, நீ பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். ஆனா வந்து எறங்குறப்ப நாலு பேரு பாக்குற மாதிரி எறங்குடா."

நாலு பேர் பார்க்கிற மாதிரி இறங்க என்னிடம் என்ன இருந்தது? மாதுளை நிறத்தில் ஒன்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் காது குத்தியாக வேண்டும். தாம்பாளங்கள், பழம், பட்டுப்பாவாடை, சீர்க் கிடாய், சொந்தக்காரர்கள் எல்லாம் பின்னால் ஒரு குட்டியானை லோடு வண்டியில். முன்னால் நான் தனியாக. பட்டு வேட்டி கட்டியிருந்தேன். இந்த வண்டியில் காலை முன்னால் நீட்டி உட்கார வேண்டும், காற்று நேராக உள்ளே வரும் என்பதால் வேட்டிக்குள் ஜீன்ஸ். (படித்தவன் அல்லவா, யோசித்துச் செய்தேன்.)

அந்தப் பயணத்தை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஒத்தக்கடை தாண்டுவதற்குள் வெயில் ஏறி ஆனைமலை முழுதும் பொன்னாகக் கிடந்தது. வண்டி வேகத்தைக் காட்டாமல், அலட்டாமல், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தோடு போனது. கைகள் விரிந்து, நெஞ்சு நிமிர்ந்திருக்க, ரோடு தானாக வந்து என் காலடியில் சுருண்டது. எங்கள் பரம்பரையில் இப்படி ஒருவன் உட்கார்ந்து போனதுண்டா என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் குட்டியானையில் கிடாயும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர் எல்லையில் கொட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைப்பாகை கட்டி, எனக்கு ஒரு மாலை, ஹேண்டில்பாருக்கு ஒரு மாலை. பெண்கள் தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டார்கள், கிடாயை இறக்கி நடக்க விட்டார்கள். ஊர்வலம் நகர்ந்தது. நகர்ந்தது என்றால், கொட்டுக்காரர்கள் நாலு அடி வைப்பார்கள், நின்று ஆடுவார்கள். நானும் நாலு அடி போய் நிற்பேன். இடது கை கிளட்சைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போனது. எஞ்சின் கொதித்தது. வேட்டிக்கும் ஜீன்ஸுக்கும் உள்ளே என் கால்கள் அவியலாகிக்கொண்டிருந்தன. வண்டி கோபித்துக்கொண்டது என்று அப்போதுதான் புரிந்தது.

கொட்டுக்காரர்களில் ஒருவர் திரும்பி, "அண்ணே, ஒரு முறுக்கு முறுக்குங்க! தாளத்துக்கு எடுப்பா இருக்கு!" என்றார்.

முறுக்கினேன். சைலன்சர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. மாடியிலிருந்து விசில். இன்னொரு முறுக்கு. சீர்க் கிடாய் காலை மடக்கி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ள மாதிரி வந்த என்னைய, கிடாய்க்கு வாகனமா ஆக்கிட்டானே" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் காதில் வாங்கவில்லை. அக்கா வீட்டு வாசல் தெரிந்தது. அங்கே அக்கா, ஆரத்தித் தட்டோடு பேச்சியம்மாள் அத்தை, அக்காவின் இடுப்பில் மூன்று வயது தர்ஷினி, பின்னால் மொத்த ஊர். நாலு பேர் என்று கேட்ட அக்காவுக்கு நானூறு பேர்!

இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஒரு கடைசி முறுக்கு முறுக்கினேன்.

தர்ஷினி போட்ட சத்தம் என் சைலன்சரை அமுக்கிவிட்டது.

அவள் அக்காவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கினாள். நான் பதறி எஞ்சினை நிறுத்தி இறங்கப் போனேன். "ஆரத்தி எடுக்காம எறங்கக் கூடாது!" என்று நாலு பக்கமிருந்தும் குரல். உட்கார்ந்தேன். அத்தை தட்டைச் சுற்றினார், பொட்டு வைத்தார், ஆரத்தித் தண்ணீரை முன்னால் ஊற்றினார். புதுத் தோல் செருப்போடு காலை அதிலேயே ஊன்றினேன்.

செருப்பு வழுக்கியது. இருநூறு கிலோ வண்டி எடுத்தவுடன் விழுந்துவிடாது. ஆனை படுப்பது போல, யோசித்து, மெதுவாக, கௌரவமாகச் சாய்ந்தது. தடுக்க வேண்டியவன் நான். நானும் அதோடு சேர்ந்து அதே கௌரவத்தோடு சாய்ந்தேன். மாலை, தலைப்பாகை, வண்டி எல்லாமாகப் போய் விழுந்த இடம் பேச்சியம்மாள் அத்தையின் காலடி.

கொட்டு நின்றது. அத்தை கீழே பார்த்தார். குனிந்து என் தலையில் கை வைத்து, "நல்லாருப்பா, எந்திரி" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் சிரித்த சிரிப்பு மேலூர் வரை கேட்டிருக்கும். வண்டிக்கு அடிபடவில்லை, பக்கவாட்டில் மாட்டியிருந்த இரும்புக் கம்பி காப்பாற்றியது. எனக்கும் அடிபடவில்லை, என்னைக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளே பலகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியோடு தயார். தர்ஷினியை என் மடியில் வைத்தார்கள். வைத்த வேகத்தில் அவள் தரையில் இருந்தாள்.

"டமடம மாமா வேணாம்! வேணாம்!"

மிட்டாய் காட்டினார்கள். போன் காட்டினார்கள். நான் கிளினிக்கில் தினமும் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கிறவன். அழுகையை நிறுத்த எனக்கு எத்தனையோ வித்தை தெரியும். (எல்லாவற்றையும் அன்று ஒரு மூன்று வயசுப் பிள்ளை தோற்கடித்தது.) பத்து மணி தாண்டியது. அக்கா வீட்டுக்காரரான மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கிழவர், "வேற ஆளு மடியில வச்சிக் குத்திற வேண்டியதுதான்" என்றார்.

"தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில வேற ஆளு மடியா? நம்ம வீட்டுல அப்பிடி நடந்ததில்ல" என்றார் அத்தை. பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டது. நான் பார்த்துவிட்டேன். விழுந்தபோது வராத வலி அப்போது வந்தது.

"பிள்ளைய எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

தர்ஷினி இல்லை. அக்கா வாசலுக்கு ஓடியது. பின்னால் நான் ஓடினேன்.

நிமிர்த்தி நிறுத்தியிருந்த வண்டியின் முன்னால் அவள் தனியாக நின்றாள். ஹெட்லைட் வளையத்தின் பளபளப்பில் அவள் முகம் தெரிந்தது. மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்கு. அவள் கிட்டே போனால் மூக்கு பெருத்தது, விலகினால் இளைத்தது. கண்களை அகல விரித்துக்கொண்டு, மூச்சு விடாமல் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஷோரூம் வாசலில் செருப்பைக் கழற்றியவனின் பார்வை.

மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நல்லாருக்கா?"

தலையாட்டினாள். "சத்தம் போடுமா?"

"போடாது."

"சத்தியமா?"

"சத்தியமா. இனிமே ஒன் வீட்டுப் பக்கம் சத்தமே போடாது." சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இது ஓங்கிட்ட இருந்தா எப்பிடிப் போடும்?"

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் என் பக்கம் தூக்கினாள். தூக்கி வண்டியில் வைக்கச் சொல்கிறாள். நான் ஏறி உட்கார்ந்து அவளை மடியில் வைத்தேன். அழவில்லை.

"பலகைக்குக் கூட்டியா" என்றார் மச்சான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், அவள் உதடு பிதுங்கியது. அப்படியே உட்கார்ந்தேன். எல்லாரும் பேச்சியம்மாள் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை மணியைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"மடிதானப்பா முக்கியம். பலகையில இருந்தா என்ன, வண்டியில இருந்தா என்ன? ஆசாரி, இங்கயே வாங்க." ஆசாரி ஓர் அடி வைத்ததும், "இருங்க இருங்க! வண்டி மேக்க பாத்துல்ல நிக்கிது! கெழக்க பாக்கணும்ல!" என்றார்.

இந்த வண்டியைத் திருப்ப ஒரு தெரு அகலம் வேண்டும் என்று டீக்கடையில் எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள். அன்று அது நின்ற இடத்திலேயே திரும்பியது. என் சொந்தமும் மச்சான் சொந்தமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சுடுகிற சைலன்சர் மேல் ஈரச்சாக்கைப் போட்டு, என்னையும் பிள்ளையையும் சேர்த்துக் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்தார்கள். சாமி புறப்பாட்டில்கூட அவ்வளவு பதமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள். சீட் தாழ்வு என்பதால் என் இரண்டு காலும் தரையில் பதிந்திருந்தன. முதல் காதுக்கு அவள் அலறினாள். இரண்டாவது காதுக்கு ஹாரனை அமுக்கிக்கொண்டே அலறினாள். சாவி போடாத வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை. அவள் வாயாலேயே அடித்தாள்.

அத்தை ஊரைப் பார்த்துச் சொன்னார்: "சீருன்னா இப்பிடி வரணும். எவன் வீட்டுல வந்துச்சு?" அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அன்று முதல் தடவையாகச் சிரித்தது.

சாவியைப் பிடித்தபடியே தர்ஷினி தூங்கிப்போனாள். பிடுங்கினால் அழுவாள் என்று அத்தை தடுத்துவிட்டார். நான் வெறும் தாம்பாளங்களோடு குட்டியானையில் ஊர் திரும்பினேன், கிடாய் நின்று வந்த அதே மூலையில்.

இப்போது தர்ஷினி இரண்டாம் வகுப்பு. பயமெல்லாம் போய்விட்டது, ஆனால் சத்தியத்தை மறக்கவில்லை. இன்றும் திருவாதவூர் போனால் ஊர் எல்லையிலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அங்கே அவள் காத்திருப்பாள். ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வாள். வேர்க்க வேர்க்க அக்கா வீட்டு வாசல் வரை நான் தள்ளுவேன்.

வழியில் உட்கார்ந்திருப்பவர்கள் விடுவதில்லை. "என்ன மாப்ள, லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?"

மூச்சு வாங்குவதில் எனக்குப் பேச்சு வராது. மேலேயிருந்து அவள்தான் சொல்வாள்.

"இதுக்கு பெட்ரோல் வேணாம் தாத்தா. எங்க மாமா போதும்."