உடையார்பாளையம் பக்கம் ஒரு செவ்வக மலை

முப்பத்தாறு வருடம் விதிப்படி வேலை பார்த்தவனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். அவனிடமிருந்து விதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அடையாள அட்டை, அலமாரிச் சாவி, அளவுகோல் எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். விதிகள் மட்டும் என்னோடு பஸ் ஏறி பெரம்பலூர் வீட்டுக்கு வந்துவிட்டன. முதல் வாரமே மனைவியின் மளிகைப் பட்டியலுக்கு வரிசை எண் போடச் சொன்னேன். (போடவில்லை. பட்டியலை வேறு இடத்தில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.)

நிலம் அளப்பது என் தொழில். சங்கிலி இழுத்த காலத்தில் சேர்ந்து, கணினியில் வரைபடம் போடும் காலத்தில் வெளியே வந்தவன். அலுவலகத்தில் அந்தக் கணினியை நான் தொட்டதில்லை. எனக்குக் கீழே இருந்தவர்கள் தொடுவார்கள்; நான் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணு" என்பேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன். மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு வரைபட மென்பொருளை இறக்கி நானே கற்றுக்கொண்டேன். கையேட்டை முன்னுரையில் தொடங்கி முழுவதும் படித்தேன். அவ்வளவையும் படித்துவிட்டு ஒருவன் சும்மா இருக்க முடியுமா? உபயோகப்படுத்த ஓர் ஊர் வேண்டும். சொந்த ஊர் மாட்டிக்கொண்டது.

ஊர் உடையார்பாளையம் பக்கம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் நடுவே ஒரு துண்டு தூர்ந்துபோய், ஆளாளுக்கு உழுது, இருந்த அடையாளமே இல்லை. அந்தத் துண்டைப் புதிதாக வெட்ட வேண்டும். வழி இரண்டுதான். ஒன்று, ஏரிச் சங்கத் தலைவர் ராமலிங்கத்தின் பத்து ஏக்கர் நிலத்தின் குறுக்கே நேராகப் போவது. மற்றது, அந்த நிலத்தைச் சுற்றிக்கொண்டு, பாப்பாத்தி என்ற அம்மாளின் அறுபது சென்ட் வயலை நடுவில் பிளந்து போவது. கணவரை இழந்த பாப்பாத்திக்கு அந்த அறுபது சென்ட்டை விட்டால் வேறு நிலம் கிடையாது. அது இரண்டு கீற்றாகப் பிரிந்தால் உழவு டிராக்டர் திரும்பக்கூட இடம் இருக்காது. அவருடைய விவசாயம் அன்றோடு முடிந்தது.

ராமலிங்கம் போன் செய்தார். "சார், நான் சொன்னா எனக்குச் சாதகமா சொல்றேம்பாங்க. நீங்க வெளியில இருக்கறவங்க. மேடு பள்ளம் பாத்து ஒரு மேப்பு போட்டுக் குடுங்க. அதுல என்ன வருதோ அதான் முடிவு."

நேரில் போய், ஒரு லெவல் கருவியை நட்டு, அரை நாளில் அளந்திருக்கலாம். அரசாங்கச் சம்பளத்தில் அதைத்தான் நூறு தடவை செய்திருக்கிறேன். ஆனால் வெயிலில் நிற்பது பழைய முறை. வானத்திலிருந்து அளந்த உயரத் தரவு இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. பூமியை முப்பது மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் எழுதி வைத்திருப்பார்கள். அதை இறக்கித் திறந்தேன்.

திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு நாள் துழாவிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். எங்கோ ஒரு மூலையில் அளவு கிடைக்காத சில கட்டங்கள் இருந்தன. அவற்றில் 'தெரியவில்லை' என்பதற்கு அடையாளமாக மைனஸ் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் என்று எழுதியிருந்தார்கள். மென்பொருள் அதை நிஜமான ஆழம் என்று நம்பிவிட்டது. அவ்வளவு பெரிய பாதாளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த மாவட்டமும் தட்டையாகத்தான் தெரியும். அந்த எண்ணை விலக்கச் சொன்னதும் பச்சைமலை எழுந்து நின்றது.

அடுத்து சரிவைக் கணக்கிட்டேன். மாவட்டம் முழுவதும் எண்பத்தொன்பது டிகிரி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு செங்குத்துப் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, காப்பி ஆறுது" என்றாள் மனைவி.

"இரு. ஊரே செங்குத்தா நிக்குது."

"நிக்கட்டும். காப்பி ஆறுது."

நீள அகலம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருந்ததால் வந்த குழப்பம் அது. நீள அகலத்தையும் மீட்டருக்கு மாற்றினேன். பஸ் ஸ்டாண்டு தரைக்கு இறங்கியது. இந்த இரண்டு வெற்றிகளுக்குப் பிறகு என்னிடம் பேசியவர்கள் பாவம். (பால்காரரிடம் கூடச் சொன்னேன். அவர் மறுநாளிலிருந்து பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.)

பிறகுதான் அந்த மலை வந்தது.

ராமலிங்கத்தின் நிலம் இருக்கும் இடத்தில், சுற்றுப்புறத்தைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த ஒரு மேடு. உச்சி தட்டை. நான்கு பக்கமும் நேர்கோடு. நான்கு மூலையும் ஏறக்குறைய செங்கோணம். செவ்வகமான மலை.

வாழ்நாளெல்லாம் நிலத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். மலை செவ்வகமாக இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தத் தரவு தன்னாலானவரை கத்தியிருக்கிறது: 'ஐயா, என்னை நம்பாதே, நான் வேறு ஏதோ.' நான் கையேட்டைப் புரட்டினேன். விளிம்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தரவை மென்மையாக்கவும் என்று ஒரு பத்தி இருந்தது. விதி கிடைத்துவிட்டதால் யோசிக்கும் பொறுப்பு தீர்ந்தது. ஒரு முறை மென்மையாக்கினேன். மூலைகள் கொஞ்சம் மழுங்கின. இன்னும் இரண்டு முறை. கடைசியில் பச்சைமலை போட்ட குட்டி மாதிரி, பார்க்கவே லட்சணமான ஒரு குன்று வந்துவிட்டது. சந்தேகப்பட வேண்டிய ஒரே தடயத்தை என் கையாலேயே தேய்த்து அழித்தேன். அதற்குச் சிவப்பு வண்ணமும் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். பெரிதாக அச்சடித்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மூங்கில் குச்சியால் காட்டி விளக்கினேன். தண்ணீர் மேடேறாது, ஆகவே வாய்க்கால் மேட்டைச் சுற்றித்தான் போக வேண்டும், ஆகவே பாப்பாத்தியின் வயல்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் ராமலிங்கம். அவர் என்னை நம்பியதில் ஓர் அவசரம் இருந்தது. அன்று அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து பாப்பாத்தி எழுந்தார். "அங்க மேடு ஏதுங்க? நான் அந்த வழியாத்தான தெனமும் போறேன்."

"சில ஏற்றமெல்லாம் கண்ணுக்குத் தெரியாதும்மா. கருவிக்குத்தான் தெரியும்."

"எம்புட்டு ஏத்தமுங்க?"

"பத்து மீட்டர்."

"பத்து மீட்டருன்னா?"

"மூணு மாடி உயரம்னு வச்சுக்க."

"மூணு மாடி கண்ணுக்குத் தெரியாதுங்களா?"

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. "வானத்துல இருந்து செயற்கைக்கோள் அளந்தது பொய்யா?" என்று சற்று உரக்கவே கேட்டேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, "படிச்சவங்க சொல்றாங்கல்ல, உக்காரு பாப்பாத்தி" என்றார். பாப்பாத்தி உட்கார்ந்தார். தீர்மானம் எழுதினார்கள். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன், பழைய பதவிப் பெயரோடு. மறுநாள் மதியம் அது தாலுகா ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பாப்பாத்தி பக்கத்தில் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "சார், நாளைக்குக் காலையில வந்து அந்த மலையில ஏறி ஒருக்கா காட்டிட்டுப் போயிடுங்க. நான் பேசாம வயல விட்டுடறேன்."

போனேன். விதிப்படி கள ஆய்வும் நடந்ததாக இருக்கட்டும் என்றுதான் போனேன். வரைபடம், தண்ணீர் பாட்டில், மலையேற்றத்துக்கு என்று மகள் வாங்கித் தந்த ஷூ. ராமலிங்கமும் கூட வந்தார், ஏனோ நேற்றைய கலகலப்பு இல்லாமல். கைப்பேசியில் என் இருப்பிடத்தைக் காட்டும் நீலப்புள்ளி குன்றின் அடிவாரத்தைத் தொட்டது. ஏறத் தொடங்கியது. உச்சியில் நின்றது. என் கால்கள் மட்டும் எங்கேயும் ஏறவில்லை. உழுதுபோட்ட வெறும் நிலம், சுற்றிலும் மேசை மாதிரி சமம்.

"இங்க ஒரு மலை இருந்திருக்கணுமே" என்றேன். (இப்படி ஒரு வாக்கியத்தை முழு நினைவோடு சொன்னவன் நான்.)

"இருந்துச்சுங்க சார்" என்றார் பாப்பாத்தி. "போன வருசம்தான் வெட்டி லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க."

அரியலூர்ப் பக்கத்தில் இது நம்ப முடியாத செய்தி அல்ல. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி நின்றே வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். "பத்து ஏக்கர் மலையவா? யாரு பர்மிஷன் குடுத்தது? கனிமம் எடுக்க லைசென்ஸ் இருக்கா தலைவரே?" என்று ராமலிங்கத்தின் பக்கம் திரும்பினேன்.

பாப்பாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"கனிமமெல்லாம் இல்லீங்க சார். தைலமரம். தலைவரு போட்டிருந்த தைலமரத் தோப்பு. வூட்டுக்குப் போயி யோசிச்சுப் பாத்தேன், நீங்க செவப்பா காட்டுன எடம் சரியா அந்தத் தோப்பு இருந்த எடந்தான். உங்க செயற்கைக்கோளு மேலேருந்துதான பாக்குது? மேலேருந்து பாத்தா தலதான தெரியும். காலு எப்புடித் தெரியும்?"

அந்த மென்பொருளை எழுதியவர்கள்கூட அதை அவ்வளவு சுருக்கமாக விளக்கியிருக்க மாட்டார்கள். தரவு சில வருடப் பழையது. அன்று அங்கே அடர்ந்து நின்ற மரங்களின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. தோப்பு செவ்வகமாக இருந்ததால் மலையும் செவ்வகம். கையேட்டில் இந்த எச்சரிக்கை இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பென்சிலால் அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியாதா தலைவரே?" என்று கேட்டேன்.

"நீங்க அவ்வளவு படம் போட்டுக் காட்டறப்ப, நான் என்னத்தச் சொல்றது சார்?" என்றார். பொய் என்று தள்ளவும் முடியவில்லை. சாதகமான தவறை எதிர்த்துப் பேசும் ஆளை நான் என் பணிக்காலத்திலும் பார்த்ததில்லை. அவரைவிட எனக்கு என் மேல்தான் கூச்சமாக இருந்தது. நேற்று நான் குரலை உயர்த்தியபோது பாப்பாத்தி உட்கார்ந்தாரே, அதை நினைத்து.

தீர்மானம் அனுப்பப்படுவதற்கு முன் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அலுவலகத்தில் பிழை திருத்தத்துக்குப் படிவம் உண்டு: 'மேற்படி விவரத்தில் நேர்ந்த எழுத்துப் பிழை.' எல்லாப் பிழையும் தானாக நேரும், யாரும் செய்வதில்லை. 'தவறு என்னுடையது' என்பதற்குப் படிவம் இல்லாததால், மூன்று தாள் கிழித்து நான்காவதில் எழுதினேன். அதைக் கூடத்தில் வாசிக்கவும் செய்தேன். அடுத்த வாரம் லெவல் கருவியோடு வெயிலில் நின்று அளந்தபோது, அந்தப் 'பத்து மீட்டர்' ஏற்றம் முக்கால் அடிக்கும் குறைவாக வந்தது. வாய்க்கால் ராமலிங்கத்தின் நிலத்தின் குறுக்கே நேராகப் போனது. பாப்பாத்தி அந்த வருடம் தன் அறுபது சென்ட்டிலும் முழுசாக நடவு நட்டார்.

வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வே கிடையாது. யார் எதை அடித்துச் சொன்னாலும், "மேடா, மரமா?" என்ற கேள்வி வந்துவிடும். மழை வராது என்று நான் சொன்னால் அந்தக் கேள்வி வரும். கடைக்காரர் ஃபிரிட்ஜுக்கு ஆயுள் சொன்னால் வரும். மாப்பிள்ளையின் அரசியல் ஆரூடத்துக்கும் வரும்.

போன மாதம் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கல்லீரல் பக்கம் மேடு மாதிரி ஏதோ தெரிகிறது என்றார். பக்கத்தில் இருந்த என் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடா மரமான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றாள். அவர் திகைத்தார். நான் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்து முடித்தவர், ஸ்கேனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அன்றைக்கு முதல் தடவையாக என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.