முதல் பந்திக்குப் பழைய சிலபஸ்

எமன் ஓலையோடு வந்து நின்றாலும், "ரெண்டாம் பத்தியில ஒரு திருத்தம் இருக்கு, செத்த உக்காரும்" என்று சொல்லி அவனை வாசலிலேயே காக்க வைக்கக்கூடிய ஆள் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான் உண்டு. வலியசாலைக்காரர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊருக்கு அவர் அமெண்ட்மென்ட் சார்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாஞ்சில் நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, சாலைக் கடைத்தெருவில் எச்சில் இலை எடுத்தவன் நான். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக ஹோட்டல், என் சாம்பார் ஓடாத கல்யாண மண்டபம் இந்த ஊரில் கிடையாது. என் அவியலுக்காக மந்திரிகள் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

சாருக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு தனி வேலை உண்டு. ஏற்கெனவே நடக்கிற படிப்புகளில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் முதலில் பாடத்திட்டக் குழு கூடிப் பேசும். அது சரி என்றால் மேலே கல்விக் குழுவுக்குப் போகும். அங்கே கை தூக்கினால்தான் மாற்றம் மாற்றமாகும். பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவர் இவர். அந்த ருசி வீடு வரைக்கும் வந்துவிட்டது. காப்பிக்குச் சர்க்கரையைக் குறைப்பதென்றாலும் மாமி முதல் நாள் யோசனையாக வைக்க வேண்டும், மறுநாள் பரிசீலனை, அதற்கப்புறம்தான் ஒப்புதல். ஒப்புதல் வருவதற்குள் சர்க்கரை வியாதி வந்துவிட்டதாகத் தெருவில் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த சட்டம் ஒன்று உண்டு. மாற்றம் வந்த பிறகு சேர்ந்தவர்களுக்குத்தான் மாற்றம். முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பழைய சிலபஸ்.

அந்தச் சட்டத்தை நான் முதலில் பார்த்தது அவருடைய மகள் கல்யாணத்தில். சமையல் என்னுடையது. மெனுவில் பால் பாயசம் மட்டும்தான் இருந்தது. கல்யாணத்தன்று காலையில், பலாப்பழத்தில் செய்கிற சக்கப் பிரதமனும் வேண்டும் என்று சார் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்கு மச்சினரின் சம்மதம் வேண்டும், அவர் குளித்துக்கொண்டிருந்தார். சம்மதம் வந்து நான் பலாப்பழத்தைக் கிண்டி இறக்கும்போது முதல் பந்தி ரசத்தில் இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குறுக்கே கை நீட்டினார் சார்.

"ஓய், எங்கே போறீர்?"

"பிரதமன் ரெடியாயிட்டு சாரே. ஊத்தப் போறேன்."

"இவா உக்காந்தப்போ மெனுவில பிரதமன் இல்லையாக்கும். ரெண்டாம் பந்தியிலேர்ந்துதான் அமல்."

"மனுசங்கல்லா சாரே உக்காந்திருக்கது."

"எல்லாம் பேட்ச்தான் ஓய். பழைய பேட்ச்சுக்குப் பழைய சிலபஸ்."

முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் பாலக்காட்டுச் சம்பந்தி. சக்கப் பிரதமன் என்றால் உயிரையே எழுதி வைத்துவிடுவார். வெல்லமும் தேங்காய்ப்பாலும் மூக்கைத் துளைக்க, அவர் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டுத் திரும்பினால் இரண்டாம் பந்தி மொத்தமும் விரலை நக்கிக்கொண்டிருந்தது. வெற்றிலைத் தட்டைத் தொடாமல் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். சண்டை போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சில வருஷம் கழித்து, கேட்டரிங் பட்டப்படிப்பின் பாடத்திட்டக் குழுவில் தொழில் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. சார் என் பெயரை எழுதிவிட்டார்.

"சாரே, நான் அஞ்சாங்கிளாசாக்கும்."

"அதனால என்ன? நீர் எக்ஸ்பெர்ட். வாயைத் திறக்காம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

நான் வாயைத் திறந்தேன். பிள்ளைகள் முதலில் ஒரு மாதம் பாத்திரம் கழுவட்டும், அப்புறம் கரண்டியைத் தொடட்டும் என்றேன். குழு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கூட்டம் கூட்டமாகத் திருத்தித் திருத்தி, கடைசியில் என் யோசனை 'துப்புரவு மேலாண்மைக் கோட்பாடுகள்' என்ற பாடமாக வெளியே வந்தது. அதில் கழுவுவதற்கு ஒரு டம்ளர்கூட இல்லை, எல்லாம் எழுத்துப் பரீட்சை. ஆனால் குழுவினர் வரிசையில் என் பெயர் அச்சில் வந்திருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் படிப்பில்தான் ஜெயா படித்தாள். மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டிலிருந்து வருகிற பெண். அப்பாவும் அம்மாவும் கொழுந்து கிள்ளுகிறவர்கள். சனிக்கிழமைகளில் என் ஹோட்டல் அடுக்களைக்கு வேலைக்கு வருவாள், கை அத்தனை சுத்தம். சமையல் பிராக்டிக்கல் வாரநாளில் சாயங்காலம் நடக்கும். முடியும்வரை நின்றால் மலைக்குப் போகிற கடைசி பஸ் போய்விடும். ஹாஸ்டலுக்கு வசதியில்லை. அதனால் அடுப்பில் வைத்தது வைத்தபடி ஓடுவாள். ஆஜர் குறைந்து, அந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு வருசம் போச்சுன்னா அப்பா திருப்பி அனுப்ப மாட்டாரு மொதலாளி. கொழுந்துக் கூடையை மாட்டிக்கன்னுருவாரு" என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னதால் அழுகிறாளா என்று தெரியவில்லை.

நான் நேராக வலியசாலைக்குப் போனேன்.

"சாரே, சனிக்கெழம பகல்ல நல்ல ஓட்டல் அடுக்களையில செய்யுத வேலைய பிராக்டிக்கலா எடுத்துக்கிட்டா என்ன?"

சாரின் முகம் திருவிழாவாகிவிட்டது. பிரமாதமான திருத்தம் என்றார். பாடத்திட்டக் குழுவைக் கூட்டினார், ஒப்புதலும் வாங்கினார். கல்விக் குழுதான் பாக்கி. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஜெயாவுக்குக் கெடைக்கும்லா சாரே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெப்படி ஓய்? அடுத்த வருஷம் சேர்றவாளுக்காக்கும். முன்தேதி போட்டு, ரெட்ராஸ்பெக்டிவா, நான் இன்னிவரைக்கும் ஒண்ணும் பாஸாக்கினதில்லை."

"அண்ணைக்குப் பிரதமன், இண்ணைக்கு இந்தப் பிள்ளையா? ஒம்ம சட்டத்துல கொண்டு இடிதான் விழணும்."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் மிச்சம் வைத்த காப்பி அது ஒன்றுதான்.

கல்விக் குழுக் கூட்டத்துக்கு வடையும் சாயாவும் என் ஹோட்டலிலிருந்துதான். ஆளை அனுப்பாமல் நானே போய்க் கதவோரம் நின்றேன். சார் எழுந்து மாற்றத்தை வாசித்தார். கடைசியில், பாடத்திட்டக் குழுவில் நான் கேட்காத ஒரு வரி: "இது இப்போது படிப்பவர்களுக்கும், அவர்கள் ஏற்கெனவே செய்த சனிக்கிழமை வேலைக்கும் பொருந்தும்."

வடை கடித்துக்கொண்டிருந்த வாய்களெல்லாம் அப்படியே நின்றன. எதிரே இருந்த தாடிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "சாரே, பழய பேட்ச்சினு பழய சிலபஸ் என்னு சார் தன்னெயல்லே பறயாறு?"

சார் இங்கிலீஷில் ஆரம்பித்தார். நடுவில் மலையாளத்துக்குத் தாவினார். அப்புறம் அதுவும் நழுவி வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"ஆமா, நான்தான் சொல்லுவேன். என் பொண்ணு கல்யாணத்துல சம்பந்திக்குப் பிரதமன் ஊத்த விடாம எழுப்பிட்டேன். ரூல் என் பக்கம்தான் இருந்தது. இன்னிக்கும் அந்தாத்துல பிரதமன் வச்சா என் பொண்ணு பரிமாற வரமாட்டா, அடுக்களையிலேயே நின்னுண்டிருப்பா. முதல் பந்தியில உக்காந்தது அவர் தப்பா? இந்தக் குழந்தையும் முதல் பந்திதான். ஆனா இன்னும் எழுந்திருக்கலை. இலை முன்னாடி இருக்கு. வாளி நம்ம கையில இருக்கு."

பாதிப் பேருக்குத் தமிழ் புரிந்திருக்காது. ஆனால் பிரதமனுக்கும் பிராக்டிக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலில் கை தூக்கியவர் அந்தத் தாடிக்காரர். எல்லாக் கையும் எழுந்தது. கூட்டம் கலையப் போகும்போது, "மூணாம் வரியில ஒரு சின்னத் திருத்தம்" என்றார் சார். சபை மறுபடி உட்கார்ந்தது. நான் இன்னொரு சுற்று சாயா ஊற்ற வேண்டியதாயிற்று.

ஜெயா பரீட்சை எழுதினாள். இப்போது என் அடுக்களையில் அவள் வைத்ததுதான் சட்டம், என்னையே அதட்டுகிறாள்.

பரீட்சை முடிந்த வாரம் சார் ஹோட்டலுக்கு வந்தார். அந்தக் காப்பிக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"ஒரு தூக்கு நிறையச் சக்கப் பிரதமன் வேணும் ஓய்."

"எங்க சாரே, விசேஷமா?"

"பாலக்காட்டுக்கு. சம்பந்தியாத்துக்கு." என் முகத்தைப் பார்க்காமல், சுவரிலிருந்த மெனுப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெட்ராஸ்பெக்டிவாக்கும்."

ஜெயாதான் கிண்டினாள். தம்பானூர் ஸ்டேஷன்வரை அந்தத் தூக்கை நான் சுமந்து போனேன். முதலாளியான பிறகு அடுத்தவருக்காக நான் தெருவில் சுமந்து நடந்த பாத்திரம் அது ஒன்றுதான்.