புதுவைத் திராட்சை செஞ்சியில் புளித்த விவரம்

மகாராஜராஜஸ்ரீ தனசேகரன் மாமா அவர்களுக்கு, செஞ்சி கடைவீதி மளிகைக் கடையிலிருந்து மைத்துனன் பாண்டுரங்கன் அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. தாங்களும் அக்காவும் புதுச்சேரியில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒயின் மட்டும் சௌக்கியமில்லை.

தாங்கள் பஸ்ஸில் அனுப்பிய திராட்சைக் கூடை வந்தது. தங்கள் ஊரில் குடித்தால் மரியாதை, எங்கள் ஊரில் குடித்தால் மதுவிலக்குக் கேஸ் என்று என் மனைவி மங்கை எச்சரித்தாள். கேட்டேனா? தாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பிசைந்து ஊறப்போட்டேன். சொன்னபடி என்றால், ஏறக்குறைய. ஜாடியை வெந்நீரில் கழுவச் சொன்னீர்கள். அது எலுமிச்சை ஊறுகாய் ஜாடி, துணியால் துடைத்தேன். காற்றுப் புகாமல் மூடச் சொன்னீர்கள். எனக்கோ பார்க்காமல் இருக்க முடியவில்லை, கடைக்கு ஆள் வராதபோதெல்லாம் திறந்து திறந்து முகர்ந்தேன். குளிர்ந்த இடம் என்றீர்கள். சித்திரை வெயிலில் மலைப்பாறையெல்லாம் அடுப்பாய்க் கொதிக்கிற செஞ்சியில் குளிர்ந்த இடத்துக்கு நான் எங்கே போவேன், கடைப் பரணில் ஓட்டுக்கு அடியில் வைத்தேன். பொறுமையில்லாமல், நுரை அடங்குமுன்பே பாட்டிலில் ஊற்றித் தக்கையும் அடித்துவிட்டேன்.

நேற்று ஸ்டேஷன் ஏட்டையா காய்ந்த மிளகாய் வாங்க வந்து நிற்கிறார், பரணில் டமார்! அடுத்து இன்னொன்று டமார்! சிவப்பாக ஒழுகி அவர் தொப்பியில் சொட்டுகிறது.

"இன்னா பாண்டுரங்கம், மேல இன்னா வெடிக்குது?" என்று ஏணியில் கால் வைத்துவிட்டார்.

அப்போது உள்ளேயிருந்து வந்தாள் பாருங்கள் மங்கை! விறுவிறுவென்று பரணேறி, உடையாத பாட்டில் ஒன்றை எடுத்துவந்து, தம்ளரில் ஊற்றி அவரிடமே நீட்டினாள்.

"ஊறுகாய்க்குப் போட்ட காடிங்க. சூட்டுல பொங்கிட்டுது. நீங்களே வாயில வெச்சிப் பாருங்க."

குரலில் ஒரு நடுக்கம் உண்டா! ஏட்டையா ஒரு வாய் குடித்தார். கண் மூடிக்கொண்டது, தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"யம்மாடி! நான் ஒயினோன்னு பார்த்தேன். பல்லு கூசுது தாயி. எங்க ஊட்டுக்கும் ஒரு பாட்டில் குடு, பூண்டு ஊறுகா போடச் சொல்றேன்."

மாமா, ஒயின் நன்றாக வந்திருந்தால் இந்நேரம் நான் சப்-ஜெயிலில். இந்தச் செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்களில் ஒருவருக்காவது இவள் மாதிரி மந்திரி வாய்த்திருப்பாரா, சொல்லுங்கள். ஒயினைக் கெடுத்த பெருமை எனக்கு, குடும்பத்தைக் காத்த பெருமை அவளுக்கு.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்
பாண்டுரங்கன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மங்கை இதைப் படித்துவிட்டுச் சிரிசிரியென்று சிரிக்கிறாள். "ஜாடி, சூடு, தக்கைன்னு இன்னாத்துக்கு இத்தினி எழுதறீங்க? ஜாடியில இருக்கும்போதே நான்தான் பழைய காடிய அரைப்படி ஊத்தி வெச்சேன். அது வரைக்கும் ஒயின் நல்லாத்தான் இருந்திச்சின்னு அண்ணனுக்கு எழுதுங்க. நான் தெனம் ருசி பார்த்தேனே!"