லவால் விலாசம்

"உங்கள் அஞ்சல் குறியீடு?" என்று பள்ளிக்கூடத்துச் செயலாளர் பெண் பிரெஞ்சில் கேட்டாள்.

"எச் எட்டு…" என்று தொடங்கிய ஞானேந்திரன் நிறுத்தினார். மேசைக்குக் கீழே மனைவி சிசிலி அவருடைய காலை மிதித்திருந்தாள்.

"எச் ஏழு," என்று திருத்தினார்.

"பிறகு?"

பிறகு என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தாங்கள் குடியிருக்கும் லாசாலில் இருந்து பள்ளிக்கூடம் இருக்கும் லவாலுக்குக் காரில் வரும் வழியெல்லாம் வீட்டு இலக்கத்தையும் தெருப் பெயரையும் பாடமாக்கியிருந்தார். குறியீட்டைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. சிசிலி முகட்டைப் பார்த்தாள். பதினொரு வயது மகள் லக்சனா, உதவி செய்யும் நோக்கம் எதுவும் இல்லாமல், தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

"புதிதாக வந்த வீடு. இன்னும் மனதில் பதியவில்லை," என்றார் ஞானேந்திரன்.

செயலாளர் புரிந்துகொண்டது போலச் சிரித்தாள். "பரவாயில்லை. புதிதாக வந்தவர்கள் என்றால் இரண்டு பத்திரம் போதும். புது விலாசம் போட்ட சாரதி அனுமதிப் பத்திரம் ஒன்று. வாடகை ஒப்பந்தம் ஒன்று."

வெளியே வந்ததும் சிசிலி சொன்னாள். "இஞ்சருங்கோ, இதோட விடுவம். எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு பள்ளிக்கூடம் கிடக்குத்தானே."

"முந்நூற்றுத் தொண்ணூற்றியொண்டு," என்றார் ஞானேந்திரன்.

அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது என்பது சிசிலிக்குத் தெரியும். மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்திப் பத்திரிகையில் வந்த பட்டியலைத் தேவாலயத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். வீட்டுக்கு அருகில் இருந்த அரசுப் பள்ளிக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றியோராவது இடம். சிசிலியின் தம்பி ஜெராட் குடியிருக்கும் லவாலில், அந்த வட்டாரத்து விலாசம் உள்ளவர்களை மட்டும் சேர்க்கும் அரசுப் பள்ளிக்கு ஐம்பத்தெட்டாவது இடம். ஞானேந்திரன் இரண்டு பள்ளிகளுக்குள்ளும் அன்றைக்கு முன் கால் வைத்ததில்லை. எண் இருக்கும்போது எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். லாசாலில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் பதினேழு வருடமாக நிற்கிறார். அந்த எண்ணைப் பார்த்த நாளில் இருந்து, தலையில் வலைத் தொப்பியோடு லக்சனா தனக்குப் பக்கத்தில் நிற்பது போல அவருக்கு ஒரு காட்சி அடிக்கடி வந்தது.

ஜெராட்டுக்கும் அதே வயதில் றஜிந்தன் என்று ஒரு மகன் இருந்தான். அவனும் செப்டெம்பரில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறவன்தான். அவன் எங்கே போகிறான் என்று ஞானேந்திரன் கேட்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவனிடம் எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

சாரதி அனுமதிப் பத்திரத்தில் விலாசம் மாறியது. அடுத்த மாதத்தில் இருந்து கார்க் காப்புறுதிக் கடிதமும், பல் வைத்தியரின் நினைவூட்டலும், ஞானேந்திரன் கட்டாமல் விட்ட ஒரு பார்க்கிங் தண்டமும் லவாலுக்குப் போகத் தொடங்கின. ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் ஜெராட் ஒரு கட்டுக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

வாடகை ஒப்பந்தத்தையும் ஜெராட்தான் எழுதினார். அவர் இதிலெல்லாம் தாராளமான மனிதர்.

"பேஸ்மென்டை உங்களுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி எழுதியிருக்கிறன், அத்தான். அதுதான் நம்பிற மாதிரி இருக்கும்."

நம்பத்தான் செய்தார்கள். செயலாளர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பிள்ளை பேஸ்மென்டிலா தூங்குகிறாள்? ஜன்னல் இருக்கிறதா?"

"ஜன்னல் இல்லை. ஆனால் நாங்கள் குறை சொல்லவில்லை," என்றார் ஞானேந்திரன், பணிவாக இருந்தால் நல்லது என்று நினைத்து.

செயலாளர் எதையோ எழுதினாள். எழுதுவதைக் கண்டு பதறிய ஞானேந்திரன், பிள்ளை மேல் மாடியில்தான் தூங்குகிறாள் என்றார். அப்படியானால் பேஸ்மென்டில் யார் என்று அவள் கேட்டாள். "நானும் மனைவியும்." மேல் மாடியில் வேறு யார்? "மனைவியின் தம்பி குடும்பம்." ஆக அந்த வீட்டில் ஆறு பேரா என்று கேட்டு, மறுபடியும் எழுதினாள்.

"இந்தக் குடும்பத்தைத் தெரிந்த பொறுப்பான ஒருவரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் நல்லது," என்றாள்.

பொறுப்பான ஒருவர் என்றால் பங்குத் தந்தை அன்டன்தான். அவர் ஞானேந்திரன் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நான் பொய் எழுதேலாது, ஞானம்."

"பொய் வேண்டாம், ஃபாதர். எங்களைத் தெரியும் எண்டு மட்டும் எழுதுங்கோ."

"அது எழுதலாம். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வாறவை எண்டும் எழுதட்டே?" தந்தை சற்று யோசித்தார். "இல்லை, அதுவும் சரியா வராது."

கடைசியில் கடிதம் இரண்டு வரியில் முடிந்தது. இந்தக் குடும்பத்தை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். இவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பது கர்த்தருக்கும் இவர்களுக்கும் தெரியும்.

கடிதம் கொடுத்து ஒன்பதாம் நாள் லவால் விலாசத்துக்குப் பதில் வந்தது. மே மாதம் இரண்டாம் கிழமை, ஏதாவது ஒரு நாள் காலையில், பள்ளி நிர்வாகத்தில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

"எந்த நாள் எண்டு போடேல்லையே," என்றாள் சிசிலி.

"போட்டால் பேந்து கள்ளம் பிடிக்கேலாதுதானே," என்றார் ஞானேந்திரன். "கிழமை முழுக்க அங்க இருக்கத்தான் வேணும்."

ஜெராட்டிடம் இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜெராட் முழுவதும் சொல்லவே விடவில்லை.

"அத்தான், ரெண்டு குடும்பம் ஒரு வீட்டில நிண்டா அவைக்குச் சந்தேகம் வரும். நாங்கள் அந்தக் கிழமை டொரொன்டோவுக்குப் போறம். என்ர மனுசி றெஜினான்ட தமக்கை கனநாளாக் கூப்பிடுறா. வீட்டை முழுசா நீங்களே வச்சிருங்கோ. இந்தாங்கோ திறப்பு."

"றஜிந்தன்ட படிப்பு?"

"ஒரு கிழமைதானே."

ஞானேந்திரனுக்குக் கண் கலங்கியது. மச்சான்மாரைப் பற்றி ஊரில் சொல்லப்படும் கதைகள் எல்லாம் பொய் என்று அவர் அன்று சிசிலியிடம் சொன்னார். உங்கள் வீட்டுத் திறப்பும் ஒன்று என்னிடம் கிடக்கட்டும், அவசரத்துக்கு உதவும் என்று ஜெராட் கேட்டதும் மறுபேச்சில்லாமல் சாவிக்கொத்தில் இருந்து கழற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை மூன்று பேரும் இரண்டு சூட்கேஸ், ஒரு அரிசி மூட்டை, மாதா படம் ஆகியவற்றோடு லவாலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

"இது எங்கட வீடில்லை," என்றாள் லக்சனா, வாசலில் நின்று.

"இந்தக் கிழமை எங்கட வீடுதான்."

"எனக்கு ஃபாத்திமாவோட படிக்கத்தான் விருப்பம்."

"ஃபாத்திமா எங்க படிக்கப் போறா?"

"முந்நூற்றுத் தொண்ணூற்றியொண்டில," என்றாள் லக்சனா. பள்ளிக்கூடத்தின் பெயரே அதுதான் என்று அவள் நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

திங்கள் ஒருவரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஆய்வாளர் வரும்போது குடும்பமாகக் காட்சி கொடுக்க வேண்டும் என்பதால் ஞானேந்திரன் ஒவ்வொரு நாளும் எட்டரை மணி வரை காத்திருந்து, பிறகு இரண்டு பாலங்களைக் கடந்து, லக்சனாவை லாசாலில் அவளுடைய ஆரம்பப் பள்ளியில் பிந்தி இறக்கி, தானும் வேலைக்குப் பிந்திப் போனார். பதினேழு வருடத்தில் பிந்தாத மனிதர். மேற்பார்வையாளர், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று இரக்கத்தோடு கேட்டார்.

புதன்கிழமை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தித்தார். நாகசுப்பிரமணியன் என்று பெயர். திருச்சிக்காரர், டவுன்டவுனில் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

"பொண்ணை இங்க பப்ளிக் ஸ்கூல்லயா போடறீங்க?" என்று கேட்டார் பேராசிரியர். அவர் குரலில் ஒரு துக்க விசாரிப்பு இருந்தது. "நாங்க ஹர்ஷை அங்க போடலை சார். பிரைவேட்ல போட்டுட்டோம்."

"ஏன், ஐம்பத்தெட்டாவது இடம் எல்லே?"

"சார், நான் புள்ளியியல் சொல்லித் தரேன். அந்த லிஸ்ட்டைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும். பணக்காரப் பசங்க எங்க இருக்காங்களோ அந்த ஸ்கூல் மேல இருக்கும். அதுல சொல்லித் தரதைப் பத்தி ஒண்ணுமே இல்லை."

ஞானேந்திரன் தன் தொட்டியை விட்டு அவரருகே வந்தார். "அப்ப நீங்கள் பிரைவேட்டை எப்பிடித் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

பேராசிரியர் தொட்டியின் மூடியைச் சரிசெய்தார். "அதே லிஸ்ட்லதான் சார். அது மூணாவது."

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு மணி அடித்தது. வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி, மழைக்கோட்டும் ஒரு கோப்பும். ஞானேந்திரன் பிஜாமாவோடு திறந்தார். வீட்டுக்காரர் என்றால் பிஜாமாவில்தான் இருப்பார் என்று கிழமை முழுவதும் ஆறு மணிக்கே முகம் கழுவி, தலை வாரி, மறுபடி பிஜாமா போட்டுக்கொண்டு நின்றவர் அவர்.

நடைபாதை இருட்டாக இருந்தது. விளக்கைப் போடுவதற்கு அவர் இடப்பக்கச் சுவரைத் தடவினார். பிறகு வலப்பக்கம். ஆய்வாளர் பொறுமையாக நின்று பார்த்துவிட்டுத் தன் தோளுக்கு அருகில் இருந்த ஆளியைத் தானே போட்டாள்.

"பிள்ளையின் அறையைப் பார்க்கலாமா?"

அறை றஜிந்தனுடையது. சுவர் முழுவதும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் படங்கள். மூலையில் மட்டைகள், காற்காப்புகள், ஒரு கோல் காப்பாளர் முகமூடி. அவற்றை ஒளிக்க வேண்டும் என்று ஐந்து நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஓ, நீ ஹாக்கி விளையாடுகிறாயா?" என்று ஆய்வாளர் லக்சனாவிடம் கேட்டாள்.

லக்சனா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பனிச்சறுக்குத் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் மகளை நினைத்துப் பார்த்தார்.

"ஓம், ஓம். சின்ன வயசில இருந்து," என்று பதற்றத்தில் தமிழில் சொன்னார். சிசிலி மொழிபெயர்த்தாள். அவள் ஒரு கார்தெரியில், குழந்தைக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள். பொய்யைக் கூட அழகான பிரெஞ்சில் சொல்ல அவளுக்கு வரும்.

"கோல் காப்பாளரா?"

"ஆமாம்."

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. "அருமை! எங்கள் பெண்கள் அணிக்கு இரண்டு வருடமாகக் கோல் காப்பாளர் இல்லை. பயிற்சியாளரிடம் இன்றைக்கே சொல்கிறேன். ஓகஸ்ட் பத்தாம் திகதி பயிற்சி தொடங்கும்." கோப்பில் இரண்டு இடத்தில் கையெழுத்திட்டாள். அனுமதி உறுதி என்றாள். கதவடியில் திரும்பி, இனிப் பள்ளியை மாற்றுவது மிகவும் கடினம், அதனால் கவலைப்படாமல் இருங்கள் என்றும் சொன்னாள்.

கதவு சாத்தியதும் லக்சனா அழத் தொடங்கினாள். ஞானேந்திரன் அவளுக்குப் பக்கத்தில், றஜிந்தனின் கட்டிலில் அமர்ந்தார்.

"அழாதை, மகள். கோல் காக்கிறவை ஓடத் தேவையில்லை. நிண்டாக் காணும்."

"அப்பா, அடிச்ச வட்டு மூஞ்சியில வரும்."

"அதுக்குத்தான் முகமூடி," என்றார். சொன்னபிறகு தனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டுதான். வலைத் தொப்பிக் காட்சி அன்று முழுவதும் அவருக்கு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லாசாலுக்குத் திரும்பினார்கள். கட்டடத்து வாசலில், கீழ் வீட்டு விமலநாதன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளரும்கூட. மூன்று வருடமாகப் பக்கத்திலேயே இருக்கும் மனிதர், கேட்டால் எந்த உதவியும் செய்வார், கேட்காவிட்டாலும் செய்வார்.

"வாங்கோ அண்ணை. கொஞ்சம் முந்தி வந்திருந்தா உங்கட மச்சானாக்களைக் கண்டிருக்கலாம். இப்பதான் வெளிக்கிட்டவை."

"எந்த மச்சான்?"

"லவால்காரர். ஜெராட். மனுசியும் பெடியனும் வந்து கிழமை முழுக்க உங்கட வீட்டிலதானே நிண்டவை."

ஞானேந்திரன் மாதா படத்தைக் கீழே வைத்தார். "அவை டொரொன்டோவில எல்லே?"

"என்ன டொரொன்டோ? பெடியனை இஞ்ச, எங்கட வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில சேர்க்கினமாம். அங்க லவால்ல அரசாங்கப் பள்ளிக்கூடம் சரியில்லையாம், இஞ்சத்தை வாத்திமார் நல்லமெண்டு ஆரோ சொன்னவையாம். வியாழக்கிழமை விடிய விலாசம் பாக்கப் பள்ளிக்கூடத்தால ஒரு மனுசி வந்தவ."

"வந்து?"

"என்னட்டயும் விசாரிச்சவ. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, அண்ணை," என்றார் விமலநாதன், பம்பைக் கழற்றியபடி. "மூண்டு வருஷமா இந்த வீட்டில ஜெராட் குடும்பம்தான் இருக்குது, ஞானேந்திரன் எண்டு ஒராளை நான் கண்ணாலயும் கண்டதில்லை எண்டு எழுதிக் கையெழுத்தும் வச்சுக் குடுத்திட்டன்."