மத்தியானக் கடைக்காரர்

ஃபஹாஹீல், குவைத்
ஆடி மாதம், 1976

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் திரு. அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு, சீதாராமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை பத்மாவும் வெயில் விட்டுவைத்த மட்டும் சௌக்கியம். அங்கே தங்கள் மூட்டுவலி நீங்கலாக மற்ற எல்லாரும் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

மச்சான், கடிதம் கையில் கிடைத்ததும் முதல் காரியமாக ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடவும். திருச்சி ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வாங்கும் சம்பளம் கொஞ்சமானாலும் அது மனிதர்கள் கொடுக்கும் சம்பளம். "இங்கே வாருங்கள், மூலைக் கடை உங்களுக்குத்தான்" என்று போன மாதம் எழுதியவன் நானேதான், மறுக்கவில்லை. எங்கள் தெருவில் என் மளிகைக் கடை, காதர் மைதீன் பாயின் ஹோட்டல், மலையாளத்துச் சேதுமாதவனின் தையல் கடை மூன்றும் அடித்துக்கொண்டு சாகாமல் ஒரு சங்கம் வைத்து, பம்பாய்க் கப்பலில் வரும் அரிசி, பருப்பு, சோப்பு, லுங்கி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, வியாபாரமில்லாமல் பூட்டிக் கிடக்கும் மூலைக் கடையில் அடுக்கி, அவரவர் எடுத்து ஒரே விலைக்கு விற்கிறோம். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர்கள் அவர் கடையைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த மூலைக் கடையையும் திறந்து தங்களை உட்கார வைத்தால் தெருவுக்கும் நல்லது, தங்களுக்கும் நல்லது என்று கணக்குப் போட்டேன். இப்போது அந்தக் கடையில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். யார் என்று தெரிந்தால் பேர் சொல்லித் திட்டலாம். தெரியவில்லை.

விஷயம் இதுதான். இங்கே கோடையில் மத்தியானம் கடை திறப்பதில்லை. மத்தியானத் தொழுகைக்கு லுகர் பாங்கு சொன்னதும் ஷட்டரை இறக்கினால் சாயங்காலத் தொழுகையின் அசர் பாங்குக்கு ஏற்றுவது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் திறந்து வியாபாரத்தைக் கவ்விக்கொண்டு போகக் கூடாது என்று சங்கத்தில் சட்டம். சட்டம் போட்டவன் செயலாளராகிய நான். போன மாதம் தங்களுக்கு எழுதிய மறுநாள், கூலிக்காரர்கள் தங்கும் கேம்ப் ஆள் ஒருவன் வந்து, "ஐயா, எங்க ஷிப்டு பஸ்ஸு மத்தியானம்தான் இந்தப் பக்கம் நிக்குது. எப்ப வந்தாலும் கடை அடைச்சுக் கெடக்கு. மூணு பேருல ஒருத்தர் மொறை வச்சுத் தொறங்களேன்" என்றான். நெற்றியில் தழும்பு உள்ளவன், பேர் கேட்டுக்கொள்ளவில்லை. "சட்டம்னா சட்டம்தான்பா. விலையையும் குறைக்கச் சொல்வே போலிருக்கே, இது என்ன அன்னசத்திரமா?" என்று அனுப்பிவிட்டேன். செயலாளர் என்றால் நாலு பேர் வாயில் விழத்தான் வேண்டும்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் மூலைக் கடைக்குப் பருப்பு எடுக்கப் போனால் ஒரு மூட்டை வாய் பிரிந்திருக்கிறது. தராசுத் தட்டில் பருப்புத் தூள். பிஸ்கட் டின்னில் சில்லறை. பூட்டு உடையவில்லை. சாவி என் அரைஞாணில் தொங்குகிறது, அதைத் தொட வேண்டுமென்றால் என்னைத் தொட வேண்டும். மறுநாளும் அப்படியே. டின்னில் கிடக்கும் காசு விற்ற சரக்குக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் எங்கள் விலைக்கு அல்ல, கொள்முதல் விலைக்கு! திருடன் என்றால் காசை எடுப்பான். லாபத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவனை எந்தப் போலீசில் போய்ச் சொல்வது? உச்சிப்பொழுதில் வேப்பமரத்தடிக்குப் போகாதே என்று நம் ஊரில் சொல்வார்களே, இங்கே வேப்பமரம் கிடையாது. உச்சிப் பேய்க்கும் ஒதுங்க இடம் வேண்டாமா, கடைக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது.

முதலில் பாயைச் சந்தேகப்பட்டேன், பிறகு சேதுமாதவனை. இருவரும் என் மூஞ்சிக்கு நேரே ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். சங்கம் அன்றைக்கே உடைந்திருக்கும். "நான் காவல் இருக்கேன்ணே" என்று பாய் ஒரு மத்தியானம் தம் ஹோட்டல் கதவிடுக்கில் உட்கார்ந்தார். அசருக்கு நான் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து "என்ன பாய், பாத்தீங்களா?" என்றேன். மனிதர் வெளிறிப்போயிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், "ஒண்ணுமில்லண்ணே, டீ குடிங்க" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. மச்சான், எட்டு வருஷத்தில் காதர் மைதீன் காசு வாங்காத டீ அது ஒன்றுதான். மறுநாள் சேதுமாதவன் காவல் இருந்தான். அவனும் அப்படியே. "சாரே, நல்லா ரெஸ்ட் எடுக்கணும் கேட்டோ" என்று என் தோளைத் தடவிக் கொடுத்தான். பத்மாவோ மத்தியானம் நான் படுக்குமுன் நெற்றி நிறைய விபூதி பூசி, "ஏங்க, வாசல்ல செருப்பு வச்சிருக்கேன், தரை சுடும்" என்கிறாள். தூங்கப் போகிறவனுக்குச் செருப்பு எதற்கு? இந்தத் தெருவே சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறது.

கடைசியில் நானே காவல் இருந்தேன். அன்று தூசிக்காற்று. தெரு செம்மண் நிறமாகி, எதிர்க் கடை போர்டு தெரியவில்லை. ஒரு பூனை கூட இல்லை. மாடி ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, மூக்குப்பொடியைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் லேசாக எரிந்தது, ஒரு தடவை மூடித் திறந்தேன், அவ்வளவுதான். மூலைக் கடை திறந்திருந்தது. சத்தியமாகப் பார்த்தேன். தூசிக்குள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். கண் இமையில் புழுதி, கையில் துணிப்பை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தராசு ஏறி இறங்குகிறது, பொட்டலம் மடிகிறது, நூல் சுற்றுகிறது. ஆனால் விற்கிறவனை மட்டும் காணவில்லை! எங்கே தேடியும் அங்கே ஆள் இல்லை. கத்த வாயைத் திறந்தேன், என் வாயிலிருந்து "உளுந்து எவ்வளவுப்பா?" என்று வேறு யாரோ கேட்டார்கள். விழித்துப் பார்த்தால் கட்டிலில் கிடக்கிறேன், பத்மா காபியோடு நிற்கிறாள், அசர் பாங்கு கேட்கிறது.

இப்படிப்பட்ட கடையைத் தங்களுக்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. சங்கத்தைக் கலைத்துவிட்டு, மூலைக் கடையை, லைசென்ஸ் வைத்திருக்கும் அரபிக் கபீலிடமே ஒப்படைத்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கள் வீட்டாருக்கு எங்கள் நமஸ்காரங்கள். தங்கள் மூட்டுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன்.

என்றும் தங்கள்,
சீதாராமன்

பி.கு.: இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாமல் ஒரு வாரம் கிடந்துவிட்டது. மேலே எழுதியதில் தைலத்தைத் தவிர மற்றதெல்லாம் தப்பு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சங்கத்தைக் கலைக்கலாம் என்றதும் பாய் எழுந்து, "அண்ணே, அந்த ஆளு நீங்கதான்" என்றார். தூக்கத்தில் எழுந்து, சாவியை எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறேனாம். எழுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று யாரும் எழுப்பவில்லையாம். நெற்றியில் தழும்புள்ளவனையும் கூட்டி வந்திருந்தார்கள். பேர் பன்னீர்செல்வம். "மத்தியானக் கடைக்காரரு எல்லார் பேரும் சொல்லித்தான்யா கூப்பிடுவாரு. எங்கம்மா கண் ஆபரேசனை மறக்காம விசாரிப்பாரு. நீங்கதான் எங்களை ஏறிட்டுப் பாக்க மாட்டீங்க" என்றான். நானும் அவரும் ஒருவர்தான் என்று அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கே அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மூன்று கடையும் முறை வைத்து மத்தியானம் திறப்பது, கேம்ப் ஆட்களுக்குக் கொள்முதலுக்கு மேல் கூலி மட்டும் வைத்து விற்பது என்று அன்றே முடிவாயிற்று. முதல் முறை என்னுடையது. விழித்த கண்ணோடு போய் உட்கார்ந்தேன். வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எட்ட நின்றுவிட்டார்கள். வெயில் கொளுத்துகிறது, ஒருவனும் கிட்டே வரவில்லை. "அவரு இன்னிக்கு வர மாட்டாரா?" என்றான் பன்னீர்செல்வம். "கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி மாடிக்குப் போய்ப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே! உண்மை தெரிந்த நாளிலிருந்து எனக்கு மத்தியானத் தூக்கமே போய்விட்டது, மச்சான். வெயிலில் நிற்கிறார்களே என்று மனம் கேட்கவில்லை. எழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இறங்கிப் போய்த் தராசைப் பிடித்தேன். "பன்னீரு, அம்மா கண்ணு இப்ப எப்படியிருக்கு?" என்றேன். பை சரசரவென்று கிட்டே வந்தது. அவன் பின்னால் திரும்பி மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது:

"சத்தம் போடாதீங்கப்பா, முழிச்சுக்கப் போறாரு."

கடைசி ஆள் போகும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. தாங்கள் ராஜினாமாவைக் கிழிக்காமல் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள்.